முதல் குடத்தில் ஏன் நாற்றம்?

போன மாதம் இந்தப் பகுதியில் குழாய்த் தண்ணீர் பற்றி வந்த ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே. அதனால் இந்த மாதம் வேறு எதையும் எடுக்கவில்லை. குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். எழுதியவர்கள் யாருடைய பெயரையும் போடவில்லை, பலருடைய ஊரையும் விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒருநாள் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். முதல் நாலைந்து குடம் சாக்கடை நாற்றம், கொஞ்சம் கறுப்பாகவும் இருக்கும். பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். புகார் சொன்னால், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் நாற்றம் எங்கிருந்து வருகிறது?
– குடும்பத் தலைவி, டெல்டா மாவட்டம்

அம்மா, அவர்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், நீங்கள் சொல்வது நிச்சயம் உண்மை. தொட்டிக்கும் உங்கள் குடத்துக்கும் நடுவில்தான் கெடுகிறது.

குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது, எங்காவது ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் பீய்ச்சும். வெளியில் இருக்கிற சாக்கடை உள்ளே வர முடியாது. வால்வை மூடியதும் கதை மாறுகிறது. குழாயில் மிச்சம் இருக்கிற தண்ணீர் பள்ளத்து வீடுகளுக்கு வடிந்துபோகும், மேட்டில் குழாய் காலியாகும், காலியான குழாய் வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். இதுவரை தண்ணீர் வெளியே கசிந்த அதே ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிறதென்றால் மிச்ச நாற்பத்தேழு மணி நேரமும் அந்தக் குழாய் காலியாகவோ அரைகுறையாகவோ சாக்கடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மறுபடி வால்வைத் திறந்ததும் சேர்ந்திருந்ததெல்லாம் மொத்தமாக முதல் குடத்தில் வந்து விழுகிறது.

ஓட்டை எங்கே இருக்கும் என்றால், தெருவின் பெரிய குழாயை விட வீட்டுக்குப் பிரிகிற சின்ன ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில்தான் அதிகம். நம் தெருக்களில் அந்தக் குழாய் சாக்கடைக் கால்வாயைக் குறுக்கே கடந்துதான் வீட்டுக்குள் வருகிறது, சில இடங்களில் கால்வாய்க்குள்ளேயே முழுகிக் கிடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் துரு தின்றுவிடும். நான் வேலையில் இருந்தபோது ஒரு தெருவில் இதே புகார். தொட்டியில் மாதிரி எடுத்தோம், கிருமியைக் கொல்லப் போடுகிற குளோரின் நன்றாக இருந்தது. தெருமுனையில் எடுத்தோம், குறைந்திருந்தது, ஆனாலும் இருந்தது. அப்புறம் வீடு வீடாக எடுத்துக்கொண்டே போனோம், ஒன்பதாவது வீட்டில் குளோரின் துளிகூட இல்லை, சாக்கடை கலக்கிற இடத்தில் அது தீர்ந்துபோகும். அங்கே தோண்டினால், இடித்துப்போட்ட ஒரு பழைய வீட்டின் இணைப்பு. வீடு போய் வருஷக்கணக்காகிறது. இணைப்பைப் பெரிய குழாயிலேயே அடைக்காமல் வாசலோடு வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெட்டிய வாய் திறந்தபடி கால்வாய்ச் சேற்றுக்குள் கிடந்தது. அந்த ஒரு விரல் அளவு வாய்தான் தெரு முழுக்க வயிற்றுப்போக்கைக் கொடுத்தது.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. நிறைய வீடுகளில் தெருக்குழாய் நேராகச் சம்பில் விழும்படி விட்டிருப்பார்கள், இரவே திறந்து வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அந்த நாற்றத் தண்ணீர் முழுக்கச் சம்புக்குள் போய் நல்ல தண்ணீரோடு கலந்து இரண்டு நாளைக்கு நிற்கும். சம்புக்கு முன்னால் ஒரு குழாய் வைத்து, முதல் தண்ணீரை வெளியே விட்டு, தெளிந்து நாற்றமும் போன பிறகு சம்பைத் திறங்கள். அப்போதும் அது காய்ச்சிக் குடிக்க வேண்டிய தண்ணீர்தான். நாற்றம் போய்விட்டது என்பதால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அந்தக் காலத்தில் ஆற்றிலும் ஊருணியிலும் மொண்டு குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் பயமுறுத்துகிறீர்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்

ஐயா, உங்கள் மேல் மரியாதையோடு சொல்கிறேன், ஒன்றும் ஆகாதவர்கள்தான் இன்று உட்கார்ந்து அதை நினைத்துப் பார்க்க முடிகிறது. பேதி வந்து இரண்டு வயதில் போன பிள்ளைகள் அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் இருந்தார்கள் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

பழைய கதை என்றும் விட முடியாது. 2022 ஜூலையில் நமக்குப் பக்கத்தில் காரைக்காலில் காலரா உறுதியாகி, பொது சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள். 2024 டிசம்பரில் சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள், அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் இந்த வாக்குவாதம் நடக்கும், ஏனென்றால் மாதிரி எடுக்கிற நாளில் குழாயில் ஓடுவது வேறு தண்ணீர். நோய் கொடுத்த தண்ணீர் குடித்து முடிந்துபோயிருக்கும். மாதிரியை எப்போது எடுக்க வேண்டும் என்பதைக் கடைசிக்கு முந்தின கேள்வியில் சொல்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். எங்கள் குழாய்த் தண்ணீர் 180 காட்டுகிறது. நல்ல தண்ணீர்தானே?
– வாசகர், திருச்சி

உப்பு குறைவான தண்ணீர். அவ்வளவுதான் அந்த மீட்டருக்குத் தெரியும். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதை வைத்துக் கரைந்த உப்பைக் கணக்குப் போடுகிற கருவி அது. ஒரு குடம் காவிரித் தண்ணீரில் ஒரு டம்ளர் சாக்கடையை ஊற்றினாலும் அது காட்டுகிற எண் பெரிதாக மாறாது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500-இன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை. ஆனால் அதே தர நிர்ணயம், 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. இதைக் காட்டுகிற மீட்டர் எதுவும் கடையில் கிடையாது. குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இதை வீட்டிலேயே பார்க்கச் சின்னப் பெட்டி கிடைக்கிறது, இரண்டு சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். மீட்டருக்குக் கொடுத்த காசுக்கு அதை வாங்கியிருக்கலாம் என்பேன்.

எங்கள் குடியிருப்பில் இரண்டு வாரத்துக்குள் நாலு பேருக்கு மஞ்சள் காமாலை. ஆனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ப்ளீச்சிங் வாசனைகூட வருகிறது. என் மகள் ஏழு மாத கர்ப்பிணி. பயப்பட வேண்டுமா?
– ஒரு தாய், சென்னைப் புறநகர்

பயப்படுவதைவிட முதலில் மகள் குடிக்கிற தண்ணீரை, பல் துலக்குகிற தண்ணீர் உள்பட, இன்றிலிருந்தே காய்ச்சிய தண்ணீராக மாற்றிவிடுங்கள். தண்ணீரால் பரவுகிற காமாலை ஏ, ஈ என்று இரண்டு வகை. ஈ வகை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது, வாந்தி, சோறே பிடிக்காமல் போவது என்று ஏதாவது தெரிந்தால் கைமருந்து, பத்தியம் என்று ஒருநாள்கூடத் தள்ளாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

நாலு பேருக்கும் நோய் ஏறியது இந்த வாரத் தண்ணீரால் அல்ல. உடம்புக்குள் போய் வெளியே தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆகவே இன்று கண்ணாடி மாதிரி இருக்கிறது என்பது ஒன்றுக்கும் சாட்சியில்லை. போன மாதம் சாலை தோண்டினார்களா, மழைநீர் தேங்கியதா, பாதாளச் சாக்கடை பொங்கியதா என்று யோசித்துப் பாருங்கள்.

குளோரின் வாசனை விஷயத்தில் 1955–56 டெல்லியை எங்கள் துறையில் யாரும் மறக்க மாட்டோம். யமுனையில் வஜீராபாத் நீரேற்று நிலையத்துக்குள் நஜப்கர் வாய்க்காலின் கழிவுநீர் ஏறிவிட்டது. நிலையத்தில் இருந்தவர்கள் கவனித்தார்கள், குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு கூடவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை. பாக்டீரியா செத்த அளவு குளோரினில் வைரஸ் பிழைத்துக்கொண்டது. பல வருஷம் கழித்துத்தான் அது ஈ வகை என்று தெரிந்தது. அதனால் வாசனை வருகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நாலு பேர் விவரத்தையும் உங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளரிடம் இன்றே எழுதிக் கொடுங்கள், நாலும் தனித்தனி மருத்துவமனைக்குப் போயிருந்தால் இது பரவுகிறது என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

தெருவில் எல்லோரும் குழாயில் மோட்டார் போட்டு இழுக்கிறார்கள். நாங்கள் மட்டும் போடாவிட்டால் ஒரு குடம்கூடக் கிடைக்காது. தப்பா?
– வாசகர், மதுரை மாவட்டம்

தப்புத்தான், சட்டப்படியும் தப்பு. உங்கள் நிலைமை புரியாமல் இதைச் சொல்லவில்லை. முதல் பதிலில் காலிக் குழாய் வெளியிலிருந்து இழுக்கும் என்று சொன்னேன். மோட்டார் போட்டால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த இழுப்பை நாமே உண்டாக்குகிறோம். கடைசி வீட்டுக்காரருக்குத் தண்ணீர் போகாதது மட்டுமல்ல, கால்வாய்க்குள் இருக்கிற ஓட்டை வழியாக வருவதையும் சேர்த்துத்தான் மோட்டார் இழுக்கிறது. தெருக்குழாயோடு நேராக மாட்டிய கைபம்பும் கொஞ்சம் இதே வேலையைத்தான் செய்கிறது.

மோட்டார் போடாத வீடு எதுவென்று பார்த்தால் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்கள், தெருக்கோடிக்காரர்கள், பொதுக்குழாயை நம்பியிருப்பவர்கள். அவர்களுக்குக் கேன் வாங்கவும் வசதியில்லை. எனக்கு இதில் மிகவும் வருத்தம். தெருவாகக் கூடிப் பேசி எல்லோரும் ஒரே நாளில் மோட்டாரை எடுத்துவிட்டு, தொட்டியும் சம்பும் தரைமட்டத்துக்குக் கீழே வைத்து, அழுத்தத்தில் தானாக விழுகிறதை மட்டும் பிடித்துக்கொள்வது என்று முடிவெடுத்த தெருக்களை நான் பார்த்திருக்கிறேன். சம்பிலிருந்து மாடிக்கு ஏற்ற மோட்டார் வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு தவறும் இல்லை.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு. ஆர்.ஓ. மெஷின் வாங்கச் சொல்லி மருமகன் வற்புறுத்துகிறார்.

வேண்டாம். சிறுவாணியில் உப்பே குறைவு, அதிலிருந்து எதை எடுக்கப் போகிறீர்கள்? வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. காய்ச்சிக் குடித்தால் போதும், காய்ச்ச முடியாத அவசரத்துக்கு யுவி (புற ஊதா) விளக்கு வைத்த சாதாரண வடிகட்டி போதும்.

உப்பான ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரை மட்டும் நம்பியிருக்கிற வீட்டுக்கு ஆர்.ஓ. வேறு விஷயம். கேன் வாங்குகிறவர்கள் மூடியின் சீல், தேதி, ஐஎஸ்ஐ முத்திரை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் நாலையும் பாருங்கள். வெயிலில் நாள்கணக்கில் நின்று பச்சை படிந்த கேனைத் திருப்பி அனுப்பக் கூச்சப்படாதீர்கள்.

தர்மபுரி மாவட்டம். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்கிறார்கள். நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடுமா?

போகாது, கூடும். கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகப் போகிறது, ஃப்ளோரைடு அப்படியே இருக்கும். நைட்ரேட், உப்பு, குரோமியம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். காய்ச்சுவது கிருமிக்கு மட்டுமே மருந்து. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், இன்னும் அதிகமான தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகும். இதற்காகவே தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கினார்கள். அந்தக் காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாகப் பிடித்து வையுங்கள், போர் தண்ணீர் மற்ற வேலைக்கு. சில நாள் காவிரி வராவிட்டால் இரண்டையும் கலந்து குடிக்கிறார்கள், அதைத் தவிர்க்கப் பாருங்கள். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகளை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர்களும் காய்ச்சுவதை நம்ப வேண்டாம், பரிசோதனை செய்யாமல் அந்தத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள்.

குழாயில் சின்னச் சிவப்புப் புழு நெளிகிறது!

கடிக்காத ஒரு கொசு போன்ற பூச்சியின் புழு அது. பெரும்பாலும் உங்கள் சம்பிலோ மாடித் தொட்டியிலோதான் முட்டையிட்டிருக்கும். மூடியில் இடைவெளி, வலை இல்லாத காற்றுக்குழாய், அடியில் சேறு, இந்த மூன்றையும் பாருங்கள். கழுவிவிட்டு வலை கட்டினால் நிற்கும். சம்பில் ஆள் இறங்குவதாக இருந்தால் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள், மேலே ஒருவர் நிற்காமல் யாரையும் இறங்க விடாதீர்கள்.

சம்பில் ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு போடலாம்?

ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம், புதுப் பவுடராக இருந்தால். அப்படியே தூவாதீர்கள். பக்கெட்டில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். திறந்து வைத்த பழைய மூட்டையில் வீரியம் போயிருக்கும், வாசனையே வராத பவுடர் வெறும் சுண்ணாம்புதான். கலங்கல் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது, முதலில் தெளிய வேண்டும். தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிய வைக்கும் நம் பாட்டிமார் பழக்கம் கலங்கலுக்கு நல்லதுதான், ஆனால் அதன் பிறகும் காய்ச்சத்தான் வேண்டும்.

பல முறை புகார் கொடுத்துவிட்டோம். வந்து பார்க்கும்போது தண்ணீர் நன்றாக வருகிறது, எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். எப்படித்தான் நிரூபிப்பது?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்

உங்கள் கடிதம்தான் இந்த மாதம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. "தண்ணீர் நாறுகிறது" என்று ஒருவர் எழுதினால் அது ஒரு வீட்டுப் பிரச்சினை. தெருவின் படத்தை ஒரு தாளில் போட்டு, எந்த வீட்டில் நாற்றம், எந்த வீட்டில் இல்லை, எத்தனை நிமிடத்தில் தெளிகிறது என்று மூன்று முறை தண்ணீர் வருகிற நாளில் குறித்துக் கொடுத்தால், எங்கே தோண்ட வேண்டும் என்பதே அதில் இருக்கும். எட்டாவது வீடு வரை நன்றாக வந்து ஒன்பதாவதில் கெட்டால் நடுவில்தான் ஓட்டை. இந்தத் தாளைக் கையில் வாங்கிய எந்தப் பொறியாளரும் சும்மா இருக்க மாட்டார், எங்களுக்கு வேலையில் பாதி ஓட்டையைத் தேடுவதுதான்.

மாதிரி எடுப்பது முதல் ஐந்து நிமிடத்தில். அதிகாலையில் அதிகாரி வர முடியாதென்றால் நீங்களே எடுக்கலாம், ஆனால் பிஸ்லெரி பாட்டிலில் அல்ல. ஆய்வகத்தில் கேட்டால் கிருமி நீக்கிய குப்பி தருவார்கள். குளோரினை முறிக்க அதில் ஒரு மருந்து போட்டிருக்கும், கழுவிவிடாதீர்கள். ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டங்களில் இருக்கிறது, சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் பார்க்கிறார்கள். கருப்பாக மாறுகிற எச்2எஸ் குப்பி கிடைத்தால் வீட்டிலேயே பார்க்கலாம். தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலம் கலந்திருந்தால் கறுத்துவிடும். கறுத்த குப்பியைப் படம் எடுத்து மனுவோடு சேருங்கள்.

மனுவைச் சென்னைவாசிகள் குடிநீர் வாரியத்தின் 1916 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்து புகார் எண் வாங்கலாம், மற்ற ஊர்க்காரர்கள் நகராட்சியில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, நடக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்குப் போகலாம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் தெருவில் கடந்த ஆறு மாதம் குழாய் முனையில் எடுத்த மீதக் குளோரின் அளவு, தேதிவாரியாக. தொட்டியில் எடுத்ததை வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள். பதிவேடு இருந்தால் உண்மை தெரியும், இல்லையென்றால் அதுவே உங்கள் அடுத்த மனு.

காய்ச்சின தண்ணீரை எத்தனை நாள் வைத்துக் குடிக்கலாம்? செம்புக் குடத்தில் ஊற்றி வைத்தால் காய்ச்சவே வேண்டாம் என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, வேலூர்

தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும், அரை மணி நேரம் காஸை வீணாக்க வேண்டாம். செம்பில் ஓர் இரவு வைத்தால் சில பாக்டீரியா சாவது உண்மைதான், ஆனால் சாக்கடை கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிற தண்ணீருக்கு அதை நம்பாதீர்கள். காய்ச்சிய பாத்திரத்திலேயே ஆற விட்டு, மூடி வைத்து, அன்றைக்கே குடித்துவிடுங்கள். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாமல், நீளக் கைப்பிடி வைத்த கரண்டியாலோ குழாய் வைத்த டிரம்மிலிருந்தோ எடுங்கள். நன்றாகக் காய்ச்சுகிற வீட்டிலும் தண்ணீர் கெடுவது பெரும்பாலும் அந்த டம்ளர் பிடித்த விரலால்தான்.